108-ஐக் கூப்பிட்டது அவிசுவாசமா?

வாசகி கடிதம் (சுருக்கமாக):

என் வீட்டுக்காரருக்கு 46 வயது. ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் கட்டிங் செக்‌ஷனில் வேலை. சர்க்கரையைக் கவனிக்காமல் விட்டதில் இரண்டு கிட்னியும் போய்விட்டது. செவ்வாய், வியாழன், சனி என்று வாரம் மூன்று நாள் வேலூருக்குக் கூட்டிவந்து டயாலிசிஸ் செய்கிறோம். எங்கள் ஜெபக்குழுவில் இருக்கிற மூத்த அக்கா ஒருவர், "நீங்க மிஷினை நம்பறீங்க, கர்த்தரை நம்பலை. உபவாசம் எடுத்து, விசுவாசத்தோட நிறுத்திப் பாருங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். வீட்டில் ஏதோ மறைவான பாவம் இருக்கிறது என்றும் சொன்னார். இவரும் ஒரு சனிக்கிழமை வரமாட்டேன் என்று படுத்துவிட்டார். ஞாயிறு ராத்திரி மூச்சு முட்டி, படுக்கவும் முடியாமல் உட்காரவும் முடியாமல் தவித்தார். நான் 108-க்குப் போன் பண்ணினேன். பிழைத்துக்கொண்டார். இப்போது அந்த அக்கா, "இன்னும் ஒரு ராத்திரி பொறுத்திருந்தா அற்புதம் நடந்திருக்கும், நீ தடுத்துட்டே" என்கிறார். என் வீட்டுக்காரரும் என்னோடு சரியாகப் பேசுவதில்லை. நான் கிட்னி தருகிறேன் என்றாலும் வேண்டாம் என்கிறார். எனக்கு ஜெபம் வரவில்லை. கோயிலில் பாட வாய் வரவில்லை. பன்னிரண்டாவது படிக்கிற மகள் இனிமேல் கோயிலுக்கு வரமாட்டேன் என்கிறாள். சோதனையில் உறுதியாக நின்றவர்களைப் பற்றிப் பிரசங்கம் கேட்டால் குற்றவாளி மாதிரி இருக்கிறது. நான் விசுவாசத்தில் தோற்றுவிட்டேனா?

அன்புள்ள சகோதரிக்கு,

ஸ்தோத்திரம். கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இல்லை, நீங்கள் தோற்கவில்லை. அந்த ராத்திரி உங்கள் வீட்டில் செய்யவேண்டியதைச் செய்தவர் நீங்கள் ஒருவர்தான்.

நான் ஆயர் இல்லை. வேலூரில் நோயாளிகளோடும் அவர்கள் வீட்டாரோடும் உட்கார்ந்து பேசுவது என் வேலை. ஞாயிற்றுக்கிழமை உங்களைப்போல் நானும் சபையில் ஒரு பெஞ்சில் உட்காருகிறவள். வேதத்தைப் பற்றி நான் சொல்வதை உங்கள் ஆயரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். உடம்பைப் பற்றிச் சொல்வதை கிட்னி டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அந்த அக்கா சொன்னதை இரண்டு பேரிடமும் கேட்காமல் விட்டதுதான் இவ்வளவுக்கும் காரணம்.

அன்றைக்கு என்ன நடந்தது என்று யாராவது உங்களுக்கு விளக்கினார்களா, தெரியவில்லை. கிட்னி வேலை செய்யாதவருக்குக் குடிக்கிற தண்ணீர், குழம்பு, டீ எல்லாம் உடம்பிலேயே தங்குகிறது. ஒவ்வொரு முறையும் மிஷினில் போடுவதற்கு முன் எடை பார்ப்பது அதற்காகத்தான். போன தடவை முடித்துப் போனபோது இருந்த எடைக்கும் இன்றைக்கு இருக்கிற எடைக்கும் உள்ள வித்தியாசம்தான் நான்கு மணி நேரத்தில் எடுக்கவேண்டிய தண்ணீர். வியாழக்கிழமை செய்தவர் சனியைத் தவறவிட்டால் ஞாயிறு ராத்திரி அந்தத் தண்ணீர் நுரையீரலுக்குள் போயிருக்கும். படுத்தால் மூச்சு அடைக்கும், எழுந்து உட்கார்ந்தாலும் திணறும். நீங்கள் எழுதியிருப்பது அப்படியே அதுதான். "இன்னும் ஒரு ராத்திரி" என்பது அந்த உடம்புக்குக் கிடையாது.

உபவாசத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. நம் ஊரில் உபவாசம் முடிக்கிறவருக்கு முதலில் கையில் கொடுப்பது இளநீர், இல்லாவிட்டால் பழச்சாறு. டயாலிசிஸ்காரருக்கு அந்த இளநீரே ஆபத்து. அதில் இருக்கிற பொட்டாசியம் வெளியே போக வழியில்லாமல் ரத்தத்தில் ஏறினால் இதயத்துடிப்பு தடுமாறும். சர்க்கரைக்கு ஊசியோ மாத்திரையோ எடுக்கிறவர் வெறும் வயிற்றோடு இருப்பது இன்னொரு ஆபத்து. ஆகவே அவருக்காக உபவாசம் இருக்க விரும்புகிற யாரும் தாராளமாக இருக்கலாம், அவரைத் தவிர. இன்னொன்று: உங்கள் அட்டவணையில் சனிக்கும் செவ்வாய்க்கும் நடுவில் இருப்பதுதான் நீண்ட இடைவெளி. சரியாக அதற்குள் ஞாயிற்றுக்கிழமை வருகிறது. ஆம்பூரில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வீட்டில் என்ன இருக்கும் என்று எனக்கும் தெரியும். பிரியாணியின் உப்பும் அதற்குமேல் குடிக்கிற தண்ணீரும் திங்கட்கிழமை ராத்திரி கணக்குக் கேட்கும்.

இனி அந்த அக்கா சொன்ன முக்கியமான வாக்கியத்துக்கு வருகிறேன். மிஷினை நம்பினால் கர்த்தரை நம்பவில்லை என்றாகுமா?

இயேசுவைத் தேவாலயத்து உப்பரிகையில் நிறுத்தி, "கீழே குதி, தூதர்கள் தாங்கிக்கொள்வார்கள்" என்று சொன்ன பிசாசு சங்கீதத்திலிருந்து வசனம் காட்டித்தான் சொன்னான். "உன் தேவனாகிய கர்த்தரைப் பரீட்சை பாராதிருப்பாயாக" என்பது ஆண்டவர் தந்த பதில். குதிக்காமல் நின்றதை யாரும் அவிசுவாசம் என்று சொல்வதில்லை. டயாலிசிஸை நிறுத்திவிட்டு அற்புதத்துக்குக் காத்திருப்பதும் அந்த உப்பரிகையிலிருந்து குதிப்பதும் ஒன்றுதான் என்பது என் அபிப்பிராயம். வசனம் காட்டிச் சொன்னதால் அது சரியாகிவிடாது.

நம் வட ஆற்காட்டுக் கிறிஸ்தவர்களுக்கு இதைச் சொல்லவேண்டியிருப்பதே எனக்குக் கொஞ்சம் ஆச்சரியம். (ஆம்பூர் இப்போது திருப்பத்தூர் மாவட்டம் என்று தெரியும். என் வாயில் இன்னும் வட ஆற்காடுதான் வருகிறது.) ராணிப்பேட்டையில் 1870-ல் பிறந்த ஐடா ஸ்கடர், ஊழியக்காரர் வீட்டுப் பெண். திண்டிவனத்தில் ஒரே ராத்திரியில் மூன்று வீட்டார் வந்து, பிரசவத்தில் தவிக்கும் தங்கள் மனைவிகளுக்கு உதவச் சொல்லி அவரைக் கூப்பிட்டார்கள். அவருக்கு வைத்தியம் தெரியாது. வைத்தியரான அப்பாவை அனுப்புகிறேன் என்றால், ஆண் டாக்டர் வேண்டாம் என்று போய்விட்டார்கள். விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். அந்த ராத்திரி முழுக்க ஜெபித்தவர் காலையில் எடுத்த முடிவு, டாக்டருக்குப் படிக்கவேண்டும் என்பது. 1900-ல் அவர் ஒரே ஒரு படுக்கையோடு வேலூரில் தொடங்கியதுதான் இன்றைக்கு ஊரே தெரிந்த சிஎம்சி (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி). இந்தியாவில் வெற்றிபெற்ற முதல் சிறுநீரக மாற்று அறுவை நடந்ததும் அங்கேதான், 1971-ல். ஜெபித்தவர்கள் கட்டிய ஆஸ்பத்திரிகள் இருக்கிற ஊருக்கு வாரம் மூன்று முறை வந்துபோகிறவரிடம், வைத்தியம் செய்வது அவிசுவாசம் என்று எப்படிச் சொல்ல மனது வந்தது?

ஆண்டவர் சுகப்படுத்துகிறார். அதை நான் நம்புகிறேன். மூப்பர்கள் எண்ணெய் பூசி ஜெபிக்கட்டும். ஆயரை வீட்டுக்கு அழையுங்கள். ஆனால் தன் உடம்பில் பட்ட துணிகளால் பிறர் வியாதிகள் நீங்கின அப்போஸ்தலன் பவுலே, தன்னோடு ஊழியம் செய்த ஒருவனைப் பற்றி, "துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதிப்பட்டவனாக விட்டுவந்தேன்" என்று கடிதத்தில் எழுதுகிறார். காரணம் சொல்லவில்லை. துரோப்பீமு பாவம் செய்தான் என்றோ அவனுக்கு விசுவாசம் போதாது என்றோ ஒரு வார்த்தை இல்லை. வியாதியாக இருந்தான், விட்டுவந்தேன், அவ்வளவுதான். மறைவான பாவம் என்ற பேச்சுக்கு நான் அதிகம் இடம் தரப்போவதில்லை. பிறவிக் குருடனைக் காட்டி யார் பாவம் என்று சீஷர்கள் கேட்டதற்கு ஆண்டவரே, "அது இவன் செய்த பாவமுமல்ல, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமுமல்ல" என்று சொல்லிவிட்டார். உங்கள் வீட்டில் மறைந்திருந்தது சர்க்கரை.

இப்போது உங்கள் வீட்டுக்காரர். உங்கள் கடிதத்தில் நான் திரும்பத் திரும்பப் படித்த இடம் இது. "வரமாட்டேன் என்று படுத்துவிட்டார்" என்று எழுதியிருக்கிறீர்கள். விசுவாசத்தால் நிறுத்துகிறவர் எழுந்து ஜெபிப்பார், பாடுவார், பத்துப் பேரிடம் சொல்வார். படுத்துக்கொள்கிறவர் சலித்துப்போனவராக இருக்கலாம். டயாலிசிஸ் நோயாளிகளிடம் நான் பலமுறை கேட்ட வாக்கியம், "கர்த்தர் பார்த்துக்குவார்." அது சிலருக்கு விசுவாசம். சிலருக்கு அதன் அடியில் வேறொன்று இருக்கிறது: இன்னும் எத்தனை நாள் இப்படி, என்னால் வீட்டுக்குக் கடன், பொண்டாட்டி ஒவ்வொரு தடவையும் காட்பாடியில் இறங்கி பஸ்ஸுக்கு ஓடுகிறாள், நான் இல்லாவிட்டால் இவர்களுக்கு நிம்மதி. ஒரு ஆம்பிளை அதை வாய்விட்டுச் சொல்லமாட்டார். "விசுவாசத்தோட நிறுத்து" என்று ஒருவர் சொன்னதும், சாகவேண்டும் என்று சொல்லாமலே நிறுத்த ஒரு கௌரவமான வழி கிடைத்துவிடுகிறது. உங்கள் கிட்னியை வேண்டாம் என்பதிலும் இது கலந்திருக்கலாம்.

இது என் யூகம். அவரைக் கேட்டால்தான் தெரியும். டயாலிசிஸ் முடிந்த அன்றைக்குக் கேட்காதீர்கள். கால் இழுக்கும், குளிரும், அன்று யாருக்கும் பேசத் தெம்பு இருக்காது. மறுநாள், புதன்கிழமையோ வெள்ளிக்கிழமையோ, மகள் பள்ளிக்கூடம் போனபிறகு கேளுங்கள். "ஏன் வரமாட்டேன்னீங்க" என்று ஆரம்பித்தால் அது விசாரணை ஆகிவிடும். "அன்னைக்கு ராத்திரி நான் ரொம்ப பயந்துட்டேன். உங்களுக்குப் போதும்னு ஆயிடுச்சா? எதுவா இருந்தாலும் எங்கிட்ட சொல்லுங்க, நான் பதில் பேசமாட்டேன்" என்று கேட்டுவிட்டு, நிஜமாகவே பதில் பேசாமல் இருங்கள். அவர் அழுதால் வசனம் சொல்லாதீர்கள். செத்துவிடலாம் போல இருக்கிறது என்று சொன்னால், அடுத்த டயாலிசிஸ் வரை காத்திருக்காமல் அன்றைக்கே டாக்டருக்குச் சொல்லுங்கள். டயாலிசிஸ் நோயாளிகளுக்கு மனச்சோர்வு வருவது சகஜம். அதற்கு வைத்தியம் உண்டு. அதுவும் பாவம் இல்லை.

உறுதியாக நின்றவர்களைப் பற்றிய பிரசங்கம் குத்துகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். தானியேல் புத்தகத்தில், ராஜாவின் சிலையை வணங்க மறுத்து நெருப்புச் சூளைக்கு முன்னால் நின்ற மூன்று பேர் சொன்னதை நானும் சின்ன வயதிலிருந்து கேட்கிறேன். அவர்கள் ராஜாவுக்குச் சொன்ன பதிலில் இரண்டு பாதி உண்டு. எங்கள் தேவன் எங்களைத் தப்புவிக்க வல்லவர் என்பது ஒன்று. "விடுவிக்காமற்போனாலும்" என்று தொடங்குவது அடுத்தது. கூட்டங்களில் முதல் பாதிக்கு அல்லேலூயா சத்தம் கேட்கும், இரண்டாவது பாதி பலநேரம் மேடைக்கே வராது. ஆனால் அவர்களுடைய உறுதி அதில்தான் இருக்கிறது. சுகம் கிடைக்கும் என்று அடித்துச் சொல்லமுடிந்தால்தான் விசுவாசம் என்றால், அந்த மூன்று பேரும் அன்றைக்கு அடித்துச் சொல்வதோடு நிறுத்தவில்லையே.

வேலூரில் பாகாயம் பக்கம் போயிருப்பீர்கள். அங்கே இருக்கிற புனர்வாழ்வு மையத்தின் கதை டாக்டர் மேரி வர்கீஸின் கதை. சிஎம்சியில் இளம் டாக்டராக இருந்தபோது, 1954-ல் ஒரு கார் விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு இரண்டு கால்களும் செயலிழந்தன. அவருக்காக எத்தனை பேர் ஜெபித்திருப்பார்கள் என்று நினைத்துப்பாருங்கள். வேலூரில் அதற்குக் குறைச்சல் இருந்திருக்காது. கால்கள் வரவில்லை. சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே, டாக்டர் பால் பிராண்டோடு சேர்ந்து தொழுநோயாளிகளின் மடங்கிப்போன கைகளுக்கு அறுவை செய்தார். பிறகு வெளிநாடு போய் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பி, அந்தத் துறைக்கே தலைவரானார். பாகாயம் மையம் 1966-ல் வந்தது. அவர் கடைசிவரை நடக்கவில்லை. அந்த அக்காவின் அளவுகோலில் மேரி வர்கீஸும் விசுவாசம் குறைந்தவராகத்தான் நிற்பார். அப்படியென்றால் அளவுகோலில்தான் ஏதோ கோளாறு.

உடனே நீங்களும் அவரைப்போல் ஆகவேண்டும் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். சாட்சிக் கதைகளில் அந்தத் தொல்லை எப்போதும் உண்டு, கேட்கிறவர் தன்னை அளந்து பார்த்துக்கொள்வார். உங்களுக்குத் தீர்க்கதரிசி எலியாவைத்தான் சொல்வேன். சூரைச்செடியின் கீழே உட்கார்ந்து, போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும் என்று சொல்லிவிட்டுத் தூங்கிப்போன எலியாவை. தூதன் வந்து கடிந்துகொள்ளவில்லை. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் தலைமாட்டில் வைத்து எழுப்பினான். சாப்பிட்டுவிட்டு அவர் திரும்பவும் படுத்துக்கொண்டார். அதற்கும் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாம் தரமும் சாப்பாட்டுக்குத்தான் எழுப்பினான். நீங்கள் கடைசியாக எப்போது முழு ராத்திரி தூங்கினீர்கள்? மூன்று நாளில் ஒரு நாளாவது நாத்தனாரோ கொழுந்தனாரோ அவரோடு வேலூருக்கு வரட்டும். கேட்க வெட்கமாக இருந்தால் ஆயர் மூலமாகக் கேளுங்கள்.

ஜெபம் வராததைப் பற்றி. 88-ஆம் சங்கீதத்தை எடுத்து மெதுவாக, சத்தமாகப் படியுங்கள். மற்றச் சங்கீதங்களில் பெரும்பாலானவை எவ்வளவு அழுதாலும் கடைசியில் ஒரு துதியிலோ நம்பிக்கையிலோ வந்து நிற்கும். இது அப்படி நிற்பதில்லை. சிநேகிதர்கள் தூரமாய்ப் போனதைச் சொல்லிவிட்டு இருட்டிலேயே முடிந்துவிடுகிறது. அதையும் வேதாகமத்தில் வைத்திருக்கிறார்கள். உங்களுக்கு அவ்வளவு நீளம் முடியாவிட்டால், 13-ஆம் சங்கீதத்தின் முதல் வரி போதும்: "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்?" அதைச் சொல்கிறவர் அவரை விட்டுப் போய்விட்டவர் இல்லை, போனவருக்கு அந்தக் கேள்வியே வராது. டயாலிசிஸுக்கு வருகிற வயதான அம்மா ஒருவர் மடியில் எப்போதும் மூடிய வேதாகமம் இருக்கும், திறந்து பார்த்ததேயில்லை. கேட்டேன். "கண்ணு தெரியலம்மா. இருக்கட்டும், அவருக்குத் தெரியும்ல" என்றார். கோயிலில் பாட வாய் வரவில்லையென்றால் பாடாதீர்கள். பக்கத்தில் இருக்கிறவர்கள் பாடுவார்கள். சபை என்று ஒன்று இருப்பது அதற்கும்தான்.

அந்த அக்காவோடு சண்டை வேண்டாம். அவர் மனதில் கெட்ட எண்ணம் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் இனி அவர் உங்கள் வீட்டுக்காரரிடம் தனியாகப் பேசக்கூடாது, இதில் தாட்சண்யம் பார்க்காதீர்கள். "அக்கா, டயாலிசிஸ் டாக்டர் சொன்னபடி நடக்கும். நீங்க ஜெபம் பண்ணுங்க. வியாழக்கிழமை அவரோட நாலு மணி நேரம் உக்கார வர்றீங்களா?" என்று கேளுங்கள். வந்தால் நல்லது, அந்த வார்டில் ஒரு நாள் உட்கார்ந்தவர் பிறகு இப்படிப் பேசமாட்டார். வராவிட்டாலும் உங்களுக்கு ஒரு விஷயம் தெரிந்துவிடும்.

பண விஷயம் நீங்கள் எழுதவில்லை, ஆனால் இல்லாமல் இருக்காது. ஷூ கம்பெனி என்பதால் அவருக்கு ஈஎஸ்ஐ (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பிடித்தம் இருந்ததா பாருங்கள். தொடர்ந்து இரண்டு வருடமாவது பதிவில் இருந்தவருக்கு, நீண்டகால நோய்ப் பட்டியலில் உள்ள வியாதிக்குச் சராசரி தினக்கூலியில் 80 சதவீதம் நோய்க்காலப் பயனாகக் கிடைக்க வழியுண்டு. நாள்பட்ட சிறுநீரகச் செயலிழப்பு அந்தப் பட்டியலில் இருக்கிறது. ஈஎஸ்ஐ இல்லையென்றால் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் டயாலிசிஸ் உண்டு. குடும்ப அட்டையையும் வருமானச் சான்றிதழையும் எடுத்துக்கொண்டு கலெக்டர் ஆபீசில் விசாரியுங்கள். செவ்வாய்க்கிழமை வரும்போது டயாலிசிஸ் யூனிட்டில் சமூகப் பணியாளர் யார் என்று கேட்டு அவரையும் பாருங்கள். கிட்னி தருவதைப் பொறுத்தவரை சட்டப்படி மனைவி தரலாம். ஆனால் முதலில் உங்களுக்கே சர்க்கரை, பிரஷர், ரத்த வகை எல்லாம் பார்க்கவேண்டும். தருகிறேன் என்று சொன்னபிறகும் எந்தக் கட்டத்திலும் மனது மாறலாம், அது உங்கள் உரிமை. அவர் மனதில் இருப்பதைப் பேசி முடிக்கும்வரை இந்தப் பேச்சைத் தள்ளிவையுங்கள்.

கடைசியாக மகள். கோயிலுக்கு வா என்று இப்போதைக்குக் கூப்பிடாதீர்கள். அவள் கோபம் ஆண்டவர் மேல் என்று நீங்கள் நினைக்கிறீர்கள். அவர் பேரைச் சொல்லி அப்பாவைச் சாகக்கொடுக்கப் பார்த்தார்களே என்ற கோபமாகவும் அது இருக்கலாம். அப்படியென்றால் அதில் நியாயம் இருக்கிறது, அதை அவளிடமே சொல்லிவிடுங்கள். உங்கள் கடிதத்தில் அந்த ஞாயிறு ராத்திரியைப் பற்றி இவ்வளவு எழுதியிருக்கிறீர்கள், அவள் அப்போது எங்கே இருந்தாள் என்று மட்டும் இல்லை. அதே அறையில் நின்று பார்த்தாளா? ஆம்புலன்ஸ் போனபிறகு வீட்டில் தனியாக இருந்தாளா? பொதுத்தேர்வைப் பற்றிக் கேட்பதற்கு முன்னால் அதைக் கேளுங்கள். அவள் என்ன சொன்னாள் என்று எனக்கும் எழுதுங்கள்.